எலியைச் சுடலாமா? நந்தவனத்திலிருந்து ஒரு பதிவு

ஓம் விநாயகா போற்றி.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்சப் குழுவில் நடந்த பேச்சைப் பார்த்தவங்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். நந்தவனத்தில் எலித் தொல்லை. அருகம்புல் பாத்தியைத் தோண்டுது. மஞ்சள் கிழங்கைக் கடிச்சுப் போடுது. வாழைத்தார் பழுக்கறதுக்குள்ள பாதி காலி. ஒரு தம்பி எழுதினார்: "அண்ணே, செனாப்பாங் ஆங்ஙின் கொண்டு வரேன். ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்தா ஒரு வாரத்துல முடிச்சிடலாம்." உடனே ஒரு அக்கா: "பிள்ளையார் வாகனத்தைப் பிள்ளையார் கோயில்லயே சுடுவீங்களா?" அதுக்கு மேல ரெண்டு பக்கமும் சூடு ஏறிப்போச்சு.

நந்தவனத்தைப் பார்த்துக்கற தொண்டூழியர் என்ற முறையில் என் பதில் இது. நான் எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவன். ஆனா எலியைத் தோட்டத்திலயும் பார்த்திருக்கேன், ஃபேக்டரியிலயும் பார்த்திருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, இது வாழைப்பழப் பிரச்சினை மட்டும் இல்ல. நம்ம கோயில்ல பூ பறிக்கற பெரியவரை எல்லாருக்கும் தெரியும். தீபாவளி மழை சமயத்துல அவருக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்னு ரெண்டு நாள் பானடோல் போட்டுக்கிட்டு இருந்தார். மூணாம் நாள் கெண்டைக்கால் வலியில நடக்க முடியல, கண்ணு செவந்து போச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, சேத்துல, கால்வாயில வெறுங்காலோட வேலை செய்வீங்களா?" கென்சிங் திக்குஸ். எலிச் சிறுநீர்க் காய்ச்சல். ஒன்பது நாள் படுக்கை. விநாயகர் புண்ணியத்துல வீட்டுக்கு வந்துட்டார்.

இந்தக் கிருமி எலியோட சிறுநீர்ல வெளியே வந்து ஈர மண்ணிலயும் தேங்கின தண்ணியிலயும் வாரக்கணக்கா உயிரோட இருக்கும். கால்ல சின்ன வெடிப்பு இருந்தா போதும், உள்ளே போயிடும். முத்திப்போனா மஞ்சள் காமாலை, கிட்னி கோளாறு, உயிருக்கே ஆபத்து. நாம கோயில்ல செருப்பு போடுறதில்ல. மழை பெஞ்ச மண்ணுல வெறுங்காலோட நின்னு பூ பறிக்கறோம். தேவார வகுப்புப் பிள்ளைங்க அங்கேதான் ஓடி விளையாடுதுங்க. அதனால "பாவம், இருந்துட்டுப் போகட்டும்"னு விட முடியாது.

இப்ப துப்பாக்கிக்கு வரேன்.

தம்பி நல்ல எண்ணத்துலதான் சொன்னார். அவரைத் திட்டினவங்க கொஞ்சம் நிதானிக்கணும். காற்றுத் துப்பாக்கியால எலி சுடறது உலகத்துல இல்லாத விஷயம் இல்ல. எங்க ஃபேக்டரிக்கு மெஷின் பொருத்த வந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், அவங்க ஊர்ப் பண்ணையில வார ராத்திரிகள்ல இதையே செய்வாராம். டீ நேரத்துல விவரமா சொல்வார். எலிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியா தெரியாது, அதனால டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடி. கடலை வெண்ணெயை ஒரு கல்லுல தேய்ச்சு விடணும். ரொட்டித் துண்டுன்னா கவ்விக்கிட்டு ஓடிடும், தேய்ச்சு விட்டா நின்னு நக்கும். பின்னால கனமான சுவரோ மண் மேடோ கட்டாயம் இருக்கணும். அது இல்லாம சுட மாட்டாராம்.

இதை நம்ம இடத்துக்குப் பொருத்திப் பாருங்க.

ஒண்ணு, சட்டம். அவங்க இங்கிலாந்துல குறிப்பிட்ட சக்திக்குக் கீழே இருந்தா லைசன்ஸ் வேண்டாம். நம்ம நாட்டுல 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். லைசன்ஸ் இல்லாம வெச்சிருந்தா 7 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். விளையாட்டுச் சாமான்னு பாலாய்ல போய்ச் சொல்ல முடியாது. கோயில் நிலத்துல நடந்தா தலைவர், செயலாளர் எல்லாரும் படி ஏறணும்.

ரெண்டு, இடம். நம்ம நந்தவனத்துக்கு ஒரு பக்கம் கம்பி வேலி, அதுக்குப் பின்னால வீடுங்க. இன்னொரு பக்கம் மோட்டார் போற பாதை. ரயில்ல இறங்கி வர்ற பிள்ளைங்க ராத்திரி அந்த வழியாத்தான் நடக்குது. கருங்கல் தூண்ல பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. ஈயக் குண்டு எலியைத் தாண்டிப் போனா அதுக்கு நாமதான் பொறுப்பு.

மூணாவதுதான் முக்கியம். கணக்கு. ஒரு ராத்திரியில அஞ்சு எலி சுட்டா நல்ல வேட்டை. வாரத்துக்கு ஒரு ராத்திரின்னா மாசம் இருபது. பெண் எலி மூணு வாரம் சுமந்து ஆறு, ஏழு குட்டி போடும். அந்தக் குட்டிங்க மூணு மாசத்துல தானே குட்டி போட ஆரம்பிக்கும். நந்தவனத்துல பத்துப் பெண் எலி இருந்தா மூணே வாரத்துல அறுபது குட்டி. இருபது எங்கே, அறுபது எங்கே? மிச்சம் இருக்கறதும் வெளிச்சத்தைக் கண்டாலே ஒளிஞ்சுக்கும். தின்ன சோறும் ஒளிய இடமும் இருக்கற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருக்கலாம், முடியாது.

ஃபேக்டரியில ஒரு பழக்கம். ஒரு பொருள் பழுதா வந்தா, பழுதை எண்ணிக்கிட்டு உட்கார மாட்டோம். ஏன் வந்துச்சுன்னு அஞ்சு தடவை கேட்போம். எலி ஏன் வந்துச்சு? தின்ன வந்துச்சு. எதைத் தின்ன? அங்கேதான் நம்ம கதை இருக்கு.

வாகனம்னு சொன்ன அக்காவுக்கு மரியாதையோட ஒரு பதில். கஜமுகாசுரன் எலியா மாறி வந்தப்ப விநாயகர் அதை அடக்கி மேல ஏறி உட்கார்ந்தார்னுதான் புராணம். அடங்கி இருந்தாத்தானே வாகனம்? ராஜஸ்தான்ல தேஷ்னோக் ஊர்ல கர்ணி மாதா கோயில் இருக்கு. ஆயிரக்கணக்கான எலிங்களுக்குப் பால் வெச்சுக் கும்பிடறாங்க. அது அவங்க வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். நம்ம தமிழ்நாட்டுல திருமறைக்காடு, அதான் வேதாரண்யம். அங்கே அணையப்போற விளக்குல ஒரு எலி மூக்கு பட்டுத் திரி தூண்டப்பட்டு, விளக்கு பிரகாசமா எரிஞ்சது. அந்தப் புண்ணியத்துல அது மகாபலிச் சக்கரவர்த்தியா பிறந்துச்சுன்னு தல புராணம். நம்ம குருக்களும் இதைச் சொல்வார்.

நான் அந்தக் கதையில கவனிச்சது வேற. அந்த எலி எதுக்கு வந்துச்சு? நெய் குடிக்க வந்துச்சு! புராணத்துலயே காரணம் எழுதியிருக்கு. எலி நம்ம மேல கோபத்துல வரல. நாம வெச்சதைத் தின்ன வருது.

போன மாசம் மூணு ராத்திரி பூசை முடிஞ்சதும் டார்ச்சோட சுத்தி வந்தேன். சிதறு தேங்காய் மூலையில மறுநாள் காலை வரைக்கும் தேங்காய்ச் சில்லு. நாகர் சிலைகிட்ட முட்டையும் பாலும். விளக்கு மேடையில வழிஞ்ச எண்ணெய். அன்னதானக் குப்பைப் பை மூடி இல்லாம. வாழைப் புதருக்குக் கீழே காய்ஞ்ச மட்டை, பழைய கும்பாபிஷேகத்துல மிஞ்சின ஓடு, பலகை. சாப்பாடும் நாமதான் போடறோம், வீடும் நாமதான் கட்டிக் குடுத்திருக்கோம்.

இன்னொரு விஷயம், ஆந்தை. ரெண்டு மாசமா தண்ணித் தொட்டி மேல ராத்திரியில ஒரு வெள்ளைப் பறவை வந்து உட்காருது. முகம் இதய வடிவத்துல இருக்கும். கத்தினா தகரத்தைக் கிழிச்ச மாதிரி சத்தம். சாக்குருவி, கோயிலுக்கு ஆகாது, கல்லெறிஞ்சு விரட்டுங்கன்னு ரெண்டு மூணு பேர் சொல்லிட்டாங்க. மலாய்க்காரங்களும் பூரோங் ஹந்துன்னுதான் சொல்றாங்க, பேய்ப் பறவை.

தயவு செஞ்சு விரட்டாதீங்க. எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல எலி மருந்து வைக்கற வேலை பார்த்தவர். மெழுகு மாதிரி சின்னக் கட்டி, ஒரு மரத்துக்கு ஒண்ணு. நாலு நாளைக்கு ஒரு தடவை போய், தின்ன இடத்துல புதுசு வைக்கணும். லீவு நாள்ல நானும் வாளி தூக்கிக்கிட்டுப் பின்னால போவேன். எண்பதுகள்ல அந்த மருந்துக்கே சில தோட்டத்து எலிங்க பழகிப் போச்சு. அதைவிடக் கடுமையான மருந்து வந்துச்சு. விஷம் தின்ன எலியை ஆந்தை தின்னா ஆந்தையும் சாகும். அப்படி ஆந்தை குறைஞ்சுபோன தோட்டங்களைப் பற்றி ஆய்வாளர்கள் அப்பவே எழுதியிருக்காங்க.

அதுக்கப்புறம்தான் ஆந்தைப் பெட்டி. தீபகற்பத்துல இந்த ஆந்தை ஒரு காலத்துல அபூர்வம். அறுபதுகள் கடைசியிலதான் ஜொகூர்ல ஒரு செம்பனைத் தோட்டத்துல கூடு கட்டினதா பதிவு. செம்பனை பரவ, எலி பரவ, ஆந்தையும் பரவிச்சு. அது தானா கூடு கட்டாது, மரப்பொந்து தேடும். செம்பனையில பொந்து கிடையாது. அதனால தோட்டக்காரங்க கம்பம் நட்டு மரப்பெட்டி வெச்சாங்க. இப்பவும் தோட்டப் பக்கம் போனா அந்தப் பெட்டிங்களைப் பார்க்கலாம். ஒரு ஜோடி குஞ்சோட சேர்ந்து வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல பிடிக்கும்னு சொல்றாங்க. லைசன்ஸ் வேண்டாம், தோட்டா வேண்டாம், ஓவர்டைம் வேண்டாம். வங்காளத்துல மகாலட்சுமிக்கு வாகனமே ஆந்தைதான். எலி வாகனத்துக்குப் பரிஞ்சு பேசறவங்க லட்சுமி வாகனத்தையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. இருட்டுல துப்பாக்கி தூக்கினா எலிக்கு வெச்ச குறி ஆந்தை மேல படவும் வாய்ப்பு இருக்கு. விஷம் வெச்சாலும் முதல்ல போறது அதுதான்.

அதனால நிர்வாகத்துக்கிட்ட பேசி எடுத்த முடிவு இது: துப்பாக்கி இல்ல, விஷம் இல்ல. காம் திக்குஸ் எனப்படற பசை அட்டையும் இல்ல. அதுல எலி மணிக்கணக்கா துடிக்கும், பல்லியும் குருவியும் சேர்ந்து ஒட்டிக்கும்.

ஸ்பிரிங் பொறி ஆறு வாங்கியிருக்கோம். மூடின பெட்டிக்குள்ள, வேலிக்கு வெளிப்பக்கம், பிள்ளைங்க கை எட்டாத இடத்துல. அடிச்சா நொடியில முடிஞ்சிடும். ஆமா, கொல்றோம். மூடி மறைக்க விரும்பல. உயிரோட பிடிச்சுக் கொண்டுபோய் விட்டா அடுத்தவன் வீட்டுக்குத்தான் போகும். கொல்லாமை பெரிய அறம், வள்ளுவர் அதுக்கு ஒரு அதிகாரமே வெச்சிருக்கார். அதைப் படிச்சுட்டுத்தான் இந்த வேலையை வேற தொண்டூழியர் யார் தலையிலயும் கட்டாம நானே செய்யறேன். பெட்டியைத் திறக்கற ஒவ்வொரு காலையும் மனசு கனக்கத்தான் செய்யுது. ஒன்பது நாள் படுத்துக் கிடந்த பெரியவரையும் நினைச்சுப் பார்க்கறேன். கொல்ற எண்ணிக்கை குறையணும்னா ஒரே வழிதான், எலி வர்ற காரணத்தை நிறுத்தறது. அது என் ஒருத்தன் கையில இல்ல.

உங்ககிட்ட கேட்கறது இவ்வளவுதான்:

சிதறு தேங்காய் உடைச்சா சில்லை நீங்களே பொறுக்கி மூடி போட்ட தொட்டியில போடுங்க. சாமி உடைக்கறதைத்தான் கேட்டார், அழுக விடறதைக் கேட்கல.

நாகருக்குப் பாலும் முட்டையும் வைக்கறவங்க பூசை முடிஞ்சதும் எடுத்துடுங்க. ராத்திரி அதைச் சாப்பிட வர்றது நாகம் இல்ல.

அன்னதான உபயக்காரங்க குப்பைப் பையை இறுகக் கட்டி அன்னிக்கே வெளியேத்துங்க.

நந்தவனத்துல இறங்கறவங்களுக்குத் தனியா ரப்பர் பூட்ஸ் ஆறு ஜோடி வெச்சிருக்கோம். அது வெளித் தெருவை மிதிக்காத பூட்ஸ், நந்தவனத்துக்கு மட்டும். குருக்கள்கிட்ட கேட்டுத்தான் வெச்சோம். கால்ல காயம் இருக்கறவங்க மழை நாள்ல இறங்கவே வேண்டாம்.

எலிப் புழுக்கையைப் பார்த்தா காய்ஞ்சபடி பெருக்காதீங்க, தூசி கிளம்பும். ஒரு பங்கு கிளோரோக்ஸுக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து நனைச்சு, கையுறை போட்டுத் துடைங்க.

காய்ச்சலோட கெண்டைக்கால் வலி வந்தா கிளினிக்ல "கோயில் தோட்டத்துல வேலை செஞ்சேன்"னு கட்டாயம் சொல்லுங்க. நாள் கடத்தாம பார்த்தா மருந்துக்குக் கேட்கும்.

வர்ற ஞாயிறு காலை 7 மணிக்குக் கோத்தோங் ரோயோங். பழைய ஓடு, பலகை எல்லாம் அப்புறப்படுத்தணும். மடப்பள்ளிக் கதவுக்கடியிலயும் கழிவு நீர்க் குழாயிலயும் அரை அங்குலத்துக்கு மேல இடைவெளி இருந்தா கம்பி வலை அடிக்கணும். அரை அங்குலம் போதும், எலி நுழைஞ்சிடும். துப்பாக்கி கொண்டு வரேன்னு சொன்ன தம்பி சுத்தியலும் ஆணியும் கொண்டு வரேன்னு சம்மதிச்சிட்டார். ராத்திரி முழிக்கத் தயாரா இருந்தவருக்குக் காலையில வர்றது பெரிய விஷயம் இல்ல. கேள்வி கேட்ட அக்கா பசியாறலுக்குத் தோசை உபயம் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் நன்றி. தம்பின் பக்கத்துப் பக்தர்களும் வாங்க, மாநிலம்தான் வேற, கோயில் ஒண்ணுதான்.

தோசை சாப்பிட்டதும் இலையைத் தொட்டியில போட்டு மூடியைச் சாத்திடுங்க. அங்கேயிருந்தே ஆரம்பிப்போம்.

திருச்சிற்றம்பலம்.

இப்படிக்கு,
நந்தவனத் தொண்டூழியர், புலாவ் செபாங்