ஹியோங் என்றால் நானா

கொரிய மொழியில் அண்ணனைக் கூப்பிட இரண்டு சொற்கள் இருக்கின்றன. தம்பி கூப்பிட்டால் 'ஹியோங்', தங்கை கூப்பிட்டால் 'ஓப்பா'. அக்காவுக்கும் அப்படியே. தம்பிக்கு அவள் 'நூனா', தங்கைக்கு 'ஒன்னி'. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் வழியில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் பாதி வழி இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அண்ணனை 'நானா' என்போம், அக்காவைத் 'தாத்தா' என்போம். தமிழகத்து வாசகர் ஒருவர் 'என் தாத்தாவுக்குக் கலியாணம்' என்ற வரியைப் படித்தால், இந்த வயதிலா என்று கேட்பார்.

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் மூத்த மகள் இந்தச் சிக்கலைத்தான் கொப்பியோடு என்னிடம் கொண்டுவந்தாள். கொரோனாவால் மார்ச் மாதத்திலேயே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை.

"வாப்பா, ஒரு பொடியன் தன்னோட பாடுற மூத்தவரக் கூப்பிடுறார். இங்கிலீஷ்ல பேரு மட்டும்தான் ஈக்கி. நான் 'நானா' எண்டு போடட்டா?"

யார் பொடியன், யார் மூத்தவர் என்று விசாரித்தபோதுதான் பி.டி.எஸ். என்ற ஏழு பேரும் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். 2013 ஜூனில் பாடத் தொடங்கிய கொரிய இளைஞர் குழு அது. அவர்களுடைய ரசிகர்கள் தங்களை 'ஆர்மி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். இராணுவம் என்றதும் எனக்கு முகம் சுளித்தது. இந்த நாட்டில் அந்தச் சொல்லை விளையாட்டாகக் கேட்கும் பழக்கம் நமக்கில்லை. ஆனால் இந்தப் படை செய்கிற வேலை வேறு. 2020 ஜூனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற்கு அந்தக் குழுவும் அதன் நிறுவனமும் பத்து இலட்சம் டொலர் கொடுத்தபோது, ரசிகர்கள் ஒரு நாளைச் சற்றுத் தாண்டிய நேரத்தில் அதே அளவு தொகையைத் தாங்களே திரட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கத்தில், கொரியத்தில் பேசுவதை மற்ற நாட்டார் விளங்கிக்கொள்ள, சம்பளமின்றி மொழிபெயர்க்கும் கூட்டங்கள் மொழிக்கு மொழி இருந்தன. தமிழுக்கும் ஒரு சிறு கூட்டம். சென்னை, மதுரை, மலேசியாவின் கிள்ளான், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள். அவர்களோடு எங்கள் ஹற்றன் பக்கத்து மலையிலிருந்து என் மகளும்.

வேலை லேசானதல்ல. ஒரு நேர்காணல் அரைமணி நேரம் என்றால் அதைச் சில நூறு துண்டுகளாக வெட்டவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தொடங்கும் நொடி, முடியும் நொடி குறிக்கவேண்டும். அந்த இரண்டு மூன்று நொடிக்குள் வாசித்து முடிக்கக்கூடியதாக வரி இருக்கவேண்டும். தமிழ்ச் சொல்லோ நீளமானது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிவது தமிழில் திரையின் அந்தக் கரைவரை போகும். எனக்குக் கிடைத்த உத்தியோகம் வரியை நறுக்குவது. 'கொண்டிருக்கின்றேன்' என்பதை 'கிறேன்' ஆக்குவது, 'ஆகவே', 'எனவே' எல்லாவற்றையும் களைவது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் கட்டுரையை எப்படி நீட்டுவது என்று படித்தவனுக்கு எதிர்ப்பாடம். முடிந்த வரிகளை அனுப்ப எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை. லயத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்தான் இரண்டு கோடு காட்டும். அந்த நாட்களில் ஒன்லைன் வகுப்புக்காகத் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கேதான் குடையோடு நிற்பார்கள். கணக்குப் பாடமும் கொரியப் பேச்சும் ஒரே தாங்கியடியிலிருந்து போயின.

ஆரம்பத்தில் அவள் ஆங்கிலத்திலிருந்துதான் தமிழுக்குக் கொண்டுவந்தாள். பிறகு மூலத்தையே பார்க்கவேண்டும் என்று எழுத்துப் படிக்கத் தொடங்கினாள். நானும் கூட இருந்தேன். அங்கேதான் எனக்கு ருசி தட்டியது. சேஜோங் என்ற அரசர் 1443இல் ஆக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த எழுத்து அது. இன்று வழங்குவது 14 மெய், 10 உயிர். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும், நம் உயிர்மெய்யைப் போல. அதைவிட வியப்பு, நம் ககரத்தைப் போலவே அவர்களுடைய ககரமும் சொல்லின் முதலில் வல்லோசையாகவும் இரண்டு உயிருக்கு நடுவில் மெல்லொலித்தும் வருகிறது. 'காகம்' என்ற சொல்லில் இரண்டு ககரமும் ஒன்றுபோல ஒலிக்கவில்லையே ஏன் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளை கேட்டால் நான் சொல்லும் பதிலைக் கொரிய வாத்தியாரும் சொல்லவேண்டியிருக்கும். வினை வாக்கியக் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். மூத்தவரிடம் பேசும் வினை வேறு, இளையவரிடம் பேசும் வினை வேறு. அம்மாவை 'ஒம்மா' என்பார்கள், அப்பா அப்பாதான். இதை வைத்துக்கொண்டு கொரியர் நம் சொந்தக்காரர் என்று நிறுவும் அன்பர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பிள்ளை முதலில் பேசும் சொற்கள் பல மொழிகளில் ஒத்துப்போகும். ஆனால் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேரே கொரியத்திலிருந்து தமிழுக்கு வந்தால் வழி குறைவு என்பதை அனுபவத்தில் கண்டேன். 'சாப்பிட்டாயா' என்று அவர்கள் நலம் விசாரிப்பதை ஆங்கிலக்காரர் 'எப்படி இருக்கிறாய்' என்று மாற்றிவைத்திருந்தார்கள். என் மகள் அதை அடித்துவிட்டு மீண்டும் சாப்பாட்டையே வைத்தாள்.

கொரிய எழுத்துத் தெரியாத பிள்ளைகள் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார்கள். அதைப் பார்த்தபோது எங்கள் உம்மும்மாவின் பெட்டியில் இருந்த அரபுத்தமிழ்க் கிதாபுகள் நினைவுக்கு வந்தன. மொழி ஒன்று, எழுத்து வேறொன்று. நம்மவர்களுக்குப் புதிய வித்தையா இது?

சண்டை வந்தது தமிழால்தான். 'பையன்கள்' என்பதற்கு மதுரைப் பிள்ளை 'பசங்க' என்று போட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'பெடியள்' என்று திருத்தினாள். என் மகள் 'பொடியன்கள்' என்றாள். கிள்ளான் பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாளாம். இரண்டு நாள் இழுபட்டு, கடைசியில் பொதுவான எழுத்துத் தமிழ் என்று முடிவாயிற்று. 'நானா' தோற்றது. அண்ணா என்றே போட்டார்கள். அவளுக்கு மனமில்லை. "எங்கட சொல்லு எங்கயும் இல்லையா வாப்பா?" என்றாள். இலங்கை முஸ்லிம்களின் பேச்சைக் கதையில் எழுதும் நம் எழுத்தாளர்கள் அடிக்குறிப்புப் போடுவதா வேண்டாமா என்று எத்தனை இதழில் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் பதினாறு வயதுப் பிள்ளையிடம் வேறு வாசலால் வந்து நின்றது.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமலில்லை. என் மாமி ஐந்து வேளைக்கும் சேர்த்து ஆறாவதாக இதைப்பற்றி ஓதினார். இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் நம் வட்டத்தில் முடிந்ததுமில்லை, இந்தக் கட்டுரையில் முடியப்போவதுமில்லை. நாகூர் ஹனிபாவின் குரல் கேட்காத கலியாண வீடு எங்கள் ஊரில் ஒருகாலத்தில் இருந்ததில்லை. அதே மாமிதான் அப்போது வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பின்னர் 2024 ஜனவரியில், தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்து எட்டாம் வகுப்புச் சிறுமியர் மூவர், 14,000 ரூபாவைச் சேர்த்துக்கொண்டு விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறிக் கொரியா சென்று பி.டி.எஸ்.ஸைப் பார்ப்பதென்று புறப்பட்டு, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்ட செய்தி வந்தபோது, மாமி அதை எனக்கு இரண்டுமுறை வாசிக்கவைத்தார். அவர் பயம் பொய்யல்ல. பெண் பிள்ளை வைத்திருக்கும் எவருக்கும் அந்தச் செய்தி அடிவயிற்றில் இறங்கும்.

என் மறுப்பு வேறு இடத்தில் இருந்தது. நான் பயிற்சிக்குப் போகுமுன் இரண்டு வருடம் தொண்டர் ஆசிரியனாக இருந்தவன். மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. நியமனம் வரும் வரும் என்று சம்பளமில்லாமல் வகுப்பெடுத்த ஒரு தலைமுறை நாங்கள். பெற்றோர் சேர்ந்து மாதத்துக்கு ஏதாவது தருவார்கள், சில மாதம் அதுவும் இராது. தொண்டு என்ற சொல் யாருடைய செலவை மிச்சப்படுத்துகிறது என்று நான் அன்றே படித்துவிட்டேன். 2020 ஒக்டோபரில் அந்தப் பாட்டுக் குழுவின் நிறுவனம் சியோல் பங்குச் சந்தைக்கு வந்தது. உரிமையாளர் பெரும் பணக்காரரானார். அதே காலத்தில் எங்கள் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருந்தது. 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை அதை உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு பிள்ளை தன் இரவுகளை ஒரு பெரிய கம்பனிக்குச் சும்மா கொடுப்பதா?

கேட்டேன். அவள் சொன்னாள், "கம்பனிக்கா வாப்பா செய்றேன்? மதுரைல ஒரு பிள்ளை, கேக்க ஏலாது அவளுக்கு. இங்கிலீஷும் தெரியா. தமிழ்ல வாசிச்சாத்தான் அவளுக்கு ஈக்கி."

அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "அப்ப அது கிதுமத்து" என்று மட்டும் சொன்னாள். சிங்களச் சகோதரர்கள் சிரமதானம் என்பார்கள். நான் வாயடைத்துப் போனேன் என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. கம்பனியும் இலாபமடைகிறது என்ற என் கணக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஒரே வேலைக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு சொல்லோடு வந்தாள். 'சுகோ ஹெஸ்ஸயோ'. வேலை முடிந்து பிரியும்போது கூட வேலை செய்தவருக்குக் கொரியர் சொல்வது. பாட்டுக்காரர் நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது விளக்குப் பிடித்தவரிடம் சொல்வார், ஒலிபெருக்கி தூக்கியவரிடம் சொல்வார். மிகவும் மூத்தவரிடம் அதைச் சொல்வது மரியாதையல்ல என்பாரும் உண்டாம். ஆங்கிலத்தில் 'நன்றாகச் செய்தீர்கள்' என்று போட்டிருந்தார்கள். அது வாத்தியார் பிள்ளைக்குச் சொல்வது. 'நன்றி' என்றால் அது எனக்குச் செய்த உதவிக்கு. 'ஜஸாக்கல்லாஹு கைரன்' என்றால் கூலியை அல்லாஹ்விடம் கேட்கும் துஆ. இந்தச் சொல்லோ உன் உடம்பு வருந்தியதை நான் பார்த்தேன் என்கிறது. தமிழில் என்ன?

இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கொழுந்து மடுவம் தெரியும். பின்னேரம் பெண்கள் சாக்கை இறக்கி வரிசையில் நிற்பார்கள். மழையில் படங்குச் சாக்கு இடுப்போடு ஒட்டியிருக்கும். தராசு ஆடி நிற்கும், ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கிலோவைக் கழிப்பார்கள், கணக்கப்பிள்ளை எழுதுவார், அடுத்த ஆள் என்பார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் யாரும் யாருக்கும் இப்படியொரு சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல் இல்லாததால் சொல்லவில்லையா, சொல்லாததால் சொல் இல்லாமல் போயிற்றா தெரியவில்லை. கடைசியில் 'பாடுபட்டீர்கள்' என்று எழுதிக்கொடுத்தேன். பாடு என்றால் உழைப்பும்தான், துன்பமும்தான். கூட்டத்தில் ஒருத்தி, பழைய காலத்துத் தமிழ் என்று குறைசொன்னாளாம். மட்டக்களப்புப் பிள்ளை, இருக்கட்டும் என்றாளாம். இருந்தது.

அந்த மட்டக்களப்புப் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளை. 2019 ஏப்ரல் 21இல் அவர்கள் ஊர்த் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அதற்குப் பின் அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தியோடு என் மகள் எப்படிப் பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை. 2020 டிசம்பரில் கொழும்பில் பிறந்து இருபதே நாளான நம் சிசு ஒன்றை எரித்தார்கள். கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களை அடக்கவிடாமல் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. அந்தச் சிசுவின் செய்தி வந்த கிழமை என் மகள் தாங்கியடிக்குப் போகவில்லை. கூட்டத்தில் காரணமும் சொல்லவில்லை. அவளுக்குப் பிரித்திருந்த நூற்றுச் சொச்சம் துண்டுகளும் முடிந்து கிடந்தன. மட்டக்களப்புப் பிள்ளை தன் பங்கோடு சேர்த்துச் செய்திருந்தாள். கனத்தை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டிய படமொன்றையும் அனுப்பியிருந்தாள், ஒரு வார்த்தையும் எழுதாமல். அடுத்த நோன்புக்கு ஸஹருக்கு எழும்புகிறவள் என்று இவளுக்கு இரவு வேலையே வைக்கவில்லை. இது எந்த உடன்படிக்கையிலும் எழுதப்பட்டதல்ல.

அந்த வேலைகள் நின்றுபோனதும் அவர்கள் கையில் இருக்கவில்லை. பார்ப்பவர்களே வரி சேர்க்கும் வசதியை யூடியூப் 2020 செப்டெம்பர் 28இல் நிறுத்தியது. முடிக்காமல் கிடந்தவை வீணாயின. பிறகு கொரியர்களின் 'வி லைவ்' என்ற இடத்தில் செய்தார்கள். அது 2022 டிசம்பர் 31இல் மூடப்பட்டது. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாதபோதுகூட, கடையில் ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்துச் சார்ஜ் ஏற்றி வேலையை முடித்தவர்கள். இப்போது இயந்திரமே மொழிபெயர்க்கிறது. அது 'நூனா'வை ஒரு தடவை சகோதரி என்கிறது, மறு தடவை பெயராக்கிவிடுகிறது.

உயர்தரம் முடித்த மகளுக்கு இப்போது வேறு வகையில் வேலை வந்திருக்கிறது. 2004இல் செய்த ஒப்பந்தத்தின்படி கொரியாவுக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கு மொழிப் பரீட்சை, வாசித்தலும் கேட்டலும். நகரத்து வகுப்புகளுக்குப் பணம் கட்ட முடியாத தோட்டத்து இளைஞர் எட்டுப் பேர் சனிக்கிழமைகளில் எங்கள் முன்வாசலில் உட்காருகிறார்கள். மாமி அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறார். பாட்டு வேறு, பிழைப்பு வேறு என்பது அவருடைய ஃபத்வா. முதல் நாள் அவர்களில் மூத்தவன், "தங்கச்சி, மாசம் எவ்வளவு?" என்று தயங்கிக் கேட்டான். நான் உள்ளே கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொல்வாளோ என்று பேனையை நிறுத்தினேன்.

"ஆளுக்கு ஐந்நூறு அண்ணா" என்றாள். "ஏலாத மாசம் சொல்லுங்க."