இருவருக்கு ஓர் அறை

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் உறவினர் வீட்டில் இறங்குவதே வழக்கம். செலவில்லைதான், ஆனால் மனைவி அங்கும் அடுப்படிக்குத்தானே போவாள்? ஜொகூர் பாருவில் அறை மலிவு. 1924இல் திறந்த கடற்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான்; பள்ளி விடுமுறையில் அதைக் கடக்க மணிக்கணக்காகிவிடும். அடுக்குக் கட்டில் விடுதியிலோ வாடகை ஆளுக்கு இவ்வளவு என்பார்கள். இருவருக்கும் கூட்டிப் பார்த்தால் சிற்றறை வாடகையை நெருங்கிவிடும்.

நாங்கள் டன்லப் தெருவில் பழைய கடைவீட்டு மாடியறையில் மூன்று நாள் தங்கினோம். சன்னல் இல்லை, அதனால் வாடகை குறைவு. சேவைக் கட்டணமும் வரியும் அதில் அடக்கமா என்று முன்பே கேட்டுக்கொண்டோம். காலாற நடந்தால் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். பிறகு தேக்காவில் சுடச்சுடத் தோசை. திருமணமாகி இருபது வருடத்தில் அந்த மூன்று நாள்தான் என் மனைவி பிறர் சமைத்ததை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.