அந்த ஒரு பீரியட்

விருதுநகர் மாவட்டத்துக்காரர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ஐந்தாவது நிமிஷம் எண்ணெய் பரோட்டா வரும். பத்தாவது நிமிஷம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். ‘ஸ்டேட்லயே நாங்கதான் முதல்ல, தெரியும்ல?’ என்பார்கள். பொய்யில்லை. தேர்ச்சி விகிதத்தில் தொடர்ந்து பல வருஷங்கள் முதலிடத்தில் இருந்த மாவட்டம் அது. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால், நான் ஒரு பாஸ்கெட்பால் பைத்தியம். அந்தப் பெருமைக்கு எதைக் காவு கொடுத்தோம் என்று எனக்குத் தெரியும். பி.டி. பீரியடை!

டைம்டேபிளில் அது இருக்கும். கிரவுண்டில் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு தாண்டிவிட்டால், அந்த நேரத்தில் கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார். பி.டி. சாரோ பிரேயரில் வரிசை சரி செய்வார், முடி வெட்டாதவனைப் பிடிப்பார், ஆகஸ்ட் பதினைந்துக்கு மார்ச் பாஸ்ட் பழக்குவார். பந்துகள் பீரோவில் பூட்டிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒரு தரம் குடியரசு தினப் போட்டி வரும்போதுதான் காற்று அடிப்பார்கள்.

இந்த மண்ணின் கதையை நினைத்தால் இன்னும் சங்கடம். கடைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் விருதுநகர். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான். சிவகாசிப் பக்கம் வேறு கதை. தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியும் முன்பே கிராமத்துக்குள் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்தார்கள். நல்லதுதான். ஆனால், வேலையிடமிருந்து மீட்ட பிள்ளையை நேராகக் கொண்டுபோய் மார்க்கிடம் ஒப்படைத்துவிட்டோம். நடுவில் விளையாட்டு என்று ஒன்று இருந்ததே, அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார், குளிர்காலத்தில் அடைந்து கிடந்த மாணவர்களுக்காகக் கண்டுபிடித்த ஆட்டம் இது. பீச் பழக் கூடையை உயரத்தில் மாட்டி ஆடினார்கள். கூடைப்பந்து என்று நாம் வைத்த பெயர் அட்சரசுத்தம். அங்கே அதை வளர்த்த ஒய்.எம்.சி.ஏ.தான் இங்கும் கொண்டுவந்தது. 1920-ல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்த ஆசிரியர்கள் ஊர் ஊராக இதைப் பரப்பினார்கள்.

அந்த விதை எப்படி முளைத்தது என்று பார்க்க வேண்டுமானால், மே மாசம் பெரியகுளம் போங்கள். மாம்பழ சீசனும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியும் ஒன்றாக வரும் ஊர். நான் மதுரையில் பஸ் மாறிப் போய்ப் பார்ப்பவன். கேலரியில் பக்கத்தில் துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர், ‘அவன் ஜோன் போடுறான்யா... வெளிய இருந்து எறி!’ என்று கத்துவார். சொன்ன மாதிரியே வெளியே இருந்து எறிவான், விழும். கரூரிலும் கோவையிலும் இப்படிப் போட்டிகள் உண்டு. ஆக, ரசிகனுக்குப் பஞ்சமில்லை. ஆடுகிற பிள்ளைக்குத்தான் பஞ்சம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பத்தாம் வகுப்பு. உயரம் கம்மி, ஆனால் பந்து கையோடு ஒட்டிக்கொண்டே வரும். எதிரே மூன்று பேர் நின்றாலும் யாருக்குப் பாஸ் கொடுக்க வேண்டும் என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். பொதுத்தேர்வு வருஷம் என்று ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் நியாயம் பேசப் போனேன்.

‘‘ஆட்டம் சோறு போடுமா அண்ணாச்சி?’’ என்றார்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டுக்காரர்களுக்கு 500 சீட், அரசு வேலையில் 3 சதவிகிதம் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

‘‘எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்துத்தானே? அதுல பாஸ்கெட்பால் எத்தனை, எங்க பாப்பாவுக்கு எத்தனை? நான் மருந்துல கிடக்கேன் அண்ணாச்சி. காலையில போறவன் சாயங்காலம் வரணும்னு வீட்ல விளக்கேத்துறாங்க. இவ அந்தப் பக்கமே வரக்கூடாது. அதுக்குப் படிப்பு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச வழி.’’

இந்த மனிதரிடம் ‘விளையாட்டு உடம்புக்கு நல்லது’ என்று பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. படிப்பா, ஆட்டமா என்று அவரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தது யார்? அவர் இல்லை. ஸ்கூல் நேரத்துக்குள்ளேயே அந்த நாற்பத்தைந்து நிமிஷம் ஒழுங்காகக் கிடைத்திருந்தால், அவர் பயப்பட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கல்லூரிக்குப் போனால் வேறு கூத்து. சில கல்லூரிகள் வெளியூரிலிருந்து ரெடிமேடாக ஸ்டேட் பிளேயர்களை ஃபீஸ் இல்லாமல் கொண்டுவந்து கோப்பை வாங்குகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு அது வாழ்க்கை, தப்பு சொல்ல மாட்டேன். ஆனால், உள்ளூர்ப் பையன் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறான். கோப்பை வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் மின்னுகிறது. அமெரிக்காவில் 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். பணம் ஆட்டத்தைக் கெடுக்கிறதே என்று அங்கே கவலை. பந்தில் காற்று இருக்கிறதா என்று இங்கே கவலை!

திறமை இல்லாத ஊரா இது? 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் இங்கே நடந்தபோது, பதக்கப் பட்டியலில் தமிழ்நாடு இரண்டாம் இடம். ஆனால் பாஸ்கெட்பாலில் இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் போனது ஒரே ஒரு தரம், 1980 மாஸ்கோ. ஆடிய ஏழு மேட்சிலும் தோல்வி.

என் யோசனை சின்னது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மூணுக்கு மூணு ஆட்டம் சேர்த்தார்கள். பாதி கோர்ட் போதும், ஒரு போர்டு, ஒரு ரிங். அணிக்கு மாற்று ஆளோடு நாலே பேர். பத்து நிமிஷம் அல்லது 21 புள்ளி, ஆட்டம் முடிந்தது. ஒரு பீரியடுக்குள் மூன்று மேட்ச் நடத்தலாம். மழை அபூர்வமாக எட்டிப் பார்க்கிற கரிசல் பூமியில், வெயில் தாழ்ந்தால் வருஷம் முழுக்க ஆடலாம். பஞ்சாயத்துக்கு ஒரு பாதி கோர்ட் போட்டால் என்ன?

கணக்கு சார்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர் தூரத்தில் வளைகிறது. எந்தக் கோணத்தில் எறிந்தால் பந்து உள்ளே விழும் என்று கிரவுண்டுக்கே வந்து பாடம் நடத்துங்கள் சார். எங்கள் தெருப் பெண்ணைக் கூப்பிடுங்கள். நீங்கள் போர்டில் போட்டு முடிப்பதற்குள், அவள் எறிந்து காட்டிவிடுவாள்.