ஆறாவது முடிச்சு

அரிசிமா வறுபடும் வாசம் எழுந்தால் எனக்கு அது வைகாசி மாதம். இன்றைக்கும் தாச்சியடியில் நிற்கிறேன். நிறம் மாறக் கூடாது, பச்சை வாசம் மட்டும் போகவேண்டும். அம்மம்மா சொல்லித் தந்த பதம்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பாதயாத்திரை புறப்பட்டால் கதிர்காமம் போய்ச் சேர ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று பாதை தெற்கே இறங்கும். வழியூர்களில் பசி தெரியாது. "சாமி, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று வாசலில் மறிப்பார்கள். உகந்தைமலை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமண, யால. அங்கே வீடுமில்லை, வாசலுமில்லை. அம்மம்மாவுக்கு அது ஐந்து நாள் நடை. அவருடைய ஆயத்தமெல்லாம் அந்த ஐந்து நாளுக்குத்தான்.

மாசி பிறந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். முதலில் கடற்கரை மணல், பிறகு கல் ஒழுங்கை. பின்னால் ஓடிய எனக்கு ஒருநாள் நெருஞ்சி தைத்தது. குந்தியிருந்து என் காலை மடியில் வைத்து முள்ளெடுத்தார். அப்போதுதான் அவர் குதிகாலைப் பார்த்தேன்: வெடிப்புகளுக்குள் வெள்ளை மணல், கோலம் போட்டதுபோல.

1983க்குப் பிறகு போரால் பாதை அறுந்தது. ஆனாலும் வைகாசி வந்தால் மா வறுத்தார், இடம்பெயர்ந்து இருந்த வீட்டிலும். சுண்டால் அளந்து, சர்க்கரை சீவிப் போட்டு, பழைய சீலைத்துண்டில் நாளுக்கொரு முடிச்சு. எண்ணினால் ஆறு இருக்கும்.

"ஐந்து நாள்தானே அம்மம்மா?"

"மற்றது பை வெறுமையாப்போன சாமிக்கு, பிள்ளை."

போக வழியில்லாத காலத்திலும் அந்த முடிச்சை அவர் விட்டதில்லை. கட்டியதையெல்லாம் அயல் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

இந்த வருடம் நான் போகிறேன். மூன்று மாதமாக வெறுங்காலோடு நடந்து பழகுகிறேன். நேற்றிரவு பையைத் தராசில் வைத்தேன். தண்ணீர் மட்டும் 3 லீற்றர், 3 கிலோ. காட்டுக் குளங்கள் வற்றும் காலம். அதில் குறைக்க முடியாது. இரண்டாவது போர்வையை எடுத்துவிட்டேன். மாற்றுச் சீலையில் ஒன்றையும் எடுத்தேன்.

மா ஆறிவிட்டது. ஐந்து முடிச்சும் போட்டாயிற்று. தாச்சியில் இன்னும் ஒரு சுண்டு மா கிடக்கிறது. அம்மம்மாவின் சிவப்புக்கரைச் சீலையில் ஒரு துண்டு கிழிக்கிறேன்.