கழுத்தில் ஒரு நீலக்கறை

கனடாவில் மான் வேட்டைக்குச் செல்லும் என் மைத்துனர், தமது துவக்குக்கான ரவைகளைத் தாமே நிரப்பிக்கொள்பவர். நான் அங்கு சென்றிருந்தபோது, புதிய பித்தளை ரவைக்கோதுகள் அடங்கிய பெட்டியொன்றைப் பிரித்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் நீலமும் பழுப்புமாகக் கறை படிந்திருந்தது. பழையவற்றைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றேன். போர்க்காலத்தில் வீதியோரங்களில் சுடப்பட்ட கோதுகளையே கண்டு பழகிய கண்கள் என்னுடையவை.

"அத்தான், அது பழுதில்லை, சூடு காட்டின அடையாளம்" என்று சிரித்தார்.

எழுபது வீதம் செம்பும் முப்பது வீதம் நாகமும் கலந்த பித்தளையைக் குளிர்நிலையிலேயே அழுத்தி இழுத்துக் கோதாக்குகின்றனர். அப்போது உலோகத்தினுள் இறுக்கம் தங்கிவிடுகின்றது. பிரித்தானியர் ஆட்சியில், இந்தியாவின் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட ரவைகளின் கோதுகள் சுடப்படாமலே கீறிப் பிளந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினர். கழுத்தை அளவாகச் சூடாக்கினால் இறுக்கம் தளரும். அடிப்பகுதியோ கடினமாகவே இருக்கவேண்டும்; வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான்.

மைத்துனர் கழுத்துகளின் நெளிவை நேராக்கினார், நீளத்தை அளந்தார், வாயின் பிசிறைச் சீவினார். கறையை மட்டும் துடைக்கவில்லை.

அடிபட்டால்தான் எதுவும் உடையும் என்று எண்ணியிருந்தவன் நான். 2009இல் போர் ஓய்ந்து, காயமின்றி வீடு திரும்பி, அதன்பிறகு உடைந்துபோன நண்பர்கள் சிலரை அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.