தில்லை மரத்தைத் தேடி மூன்று நாள் நடை

ட்ரெக்கிங் என்றதும் எல்லோருக்கும் மலைதான் ஞாபகம் வரும். கொல்லிமலை, ஏற்காடு, குரங்கணி... கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மலை என்று பேருக்கு இருப்பது கேப்பர் மலை. அதை மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு செம்மண் மேடு, அதன் மேல் மத்திய சிறைச்சாலை, அவ்வளவுதான்.

ஆனால் நடப்பதற்கு மலைதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஆறு இருக்கிறது, கடல் இருக்கிறது, இடிந்த கோட்டை இருக்கிறது, தண்ணீருக்குள் நிற்கும் காடு இருக்கிறது. போன பொங்கல் விடுமுறையில் இரண்டு நண்பர்கள் இதையெல்லாம் ஒரே மூச்சில் நடந்து பார்த்தார்கள். இருவரும் சிதம்பரத்தில் ஒரே விடுதி அறையில் இருப்பவர்கள். ஒருவன் கடலூர் மஞ்சக்குப்பம், இன்னொருவன் கிள்ளைப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். இனி கடலூர்க்காரன், கிள்ளைக்காரன் என்றே வைத்துக்கொள்வோம்.

எல்லாம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தில்லை. தில்லை மரக் காடாக இருந்ததால் வந்த பெயர். கோயிலின் தல விருட்சமும் அதுதான். "அப்போ அந்தக் காடு எங்கடா போச்சு?" என்றான் கடலூர்க்காரன். நாலு வீதியும் சுற்றினால் செல்போன் கடை இருக்கிறது, பாத்திரக் கடை இருக்கிறது, தில்லைக் காடு மட்டும் இல்லை. "எங்க ஊர்ல இருக்கு, வா காட்டுறேன்" என்றான் கிள்ளைக்காரன். "முதல்ல எங்க ஊர்க் கோட்டையப் பாரு, அப்புறம் உங்க காட்டப் பாக்கலாம்" என்று பதில் வந்தது. அப்படித்தான் கடலூரிலிருந்து தெற்கே நடப்பது என்று முடிவானது.

முதல் நாள் கெடிலம் ஆறு. திருப்பாதிரிப்புலியூரில் தொடங்கினார்கள். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது, கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்த இடம் என்று சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் இங்கேதான் இருக்கிறது. கரையேறிய இடம் என்றால் பக்கத்தில் ஆறோ கடலோ இருக்க வேண்டுமே? கெடிலம் இன்று வடக்கே தள்ளி ஓடுகிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஓடிய ஆறு திசை மாறிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். இந்த ஊர்க்காரரான சுந்தர சண்முகனார் கெடிலத்தைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதியவர். இவ்வளவு சின்ன ஆற்றுக்கு ஒரு புத்தகமா என்று கேட்கத் தோன்றும். கரையோரமாக ஒரு மணி நேரம் நடந்தால் அந்தக் கேள்வி போய்விடும்.

ஆற்றின் போக்கிலேயே வடகரையில் போனால் தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரைக்கு வருகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டை இருப்பது தெரியாது. செயின்ட் டேவிட் கோட்டை. 1690ல் ஆங்கிலேயக் கம்பெனி இதைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? இங்கிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை! நாலா பக்கமும் சுட்டு எல்லை குறித்தார்களாம். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஒரு ஊர் இருக்கிறது. "இப்படி அளந்தா நம்ம ரியல் எஸ்டேட்காரங்களே தோத்துடுவாங்கடா" என்றான் கிள்ளைக்காரன்.

1746ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தபோது ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி ஓடி வந்தது இந்தக் கோட்டைக்குத்தான். 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, இடித்துத் தள்ளினார். அதற்குப் பிறகு அது பழையபடி எழுந்திருக்கவே இல்லை. இப்போது மிச்சம் இருப்பது செங்கல் சுவர்த் துண்டுகள், முட்செடி, கொஞ்சம் ஆடுகள். ஒரு காலத்தில் சென்னைக்கே உத்தரவு போட்ட இடம். கடலூர்க்காரனுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "இவ்ளோதானாடா உங்க கோட்டை?" என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

இரண்டாம் நாள் கடற்கரை. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டும் வரை பஸ்தான் (உண்மையைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா?). புதுச்சத்திரத்தில் இறங்கி, சாமியார்பேட்டை போய், அங்கிருந்து அலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். சவுக்குத் தோப்பு, பனை, மணல்மேடு, வலை பின்னுகிற ஆட்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த கரை இது. அன்று மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இப்போது பார்த்தால் தெரியாது. சவுக்கு சீக்கிரம் வளர்ந்துவிடும்.

சாயங்காலம் பறங்கிப்பேட்டை. ஒரு ஊருக்கு எத்தனை பெயர்! பறங்கியர் வந்ததால் பறங்கிப்பேட்டை, அவர்கள் வாயில் போர்ட்டோ நோவோ, முஸ்லிம்களிடம் மஹ்மூத் பந்தர். 1781 ஜூலை 1ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரிய சண்டை நடந்தது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அதைவிட ஆச்சரியம், 1830ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இங்கே இரும்பாலை வைத்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து இரும்புக் கல், உருக்குவதற்கு மரக்கரி. மரக்கரி என்றால் காடு. உலை எரிய எரியக் காட்டை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. டீக்கடையில் விசாரித்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது என்றார்கள். இரண்டாவது நாளும் ஏமாற்றம். "நாளைக்கு என் ஊரு. அங்கயும் இடிஞ்சதத்தான் காட்டப் போறன்னு நினைக்காத" என்றான் கிள்ளைக்காரன்.

மூன்றாம் நாள் வெள்ளாற்றைத் தாண்டினால் கிள்ளை. அங்கிருந்து நடந்தால் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்து போன இடம் என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். 2022ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கிள்ளைக்காரனின் அப்பா படகோடு காத்திருந்தார். வாய்க்காலுக்குள் நுழைந்ததும் இரு பக்கமும் சுரபுன்னை, வேர்களைக் கால் மாதிரி ஊன்றிக்கொண்டு நிற்கிறது. வெண்கண்டலுக்கு வேர் சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல மேலே வந்து மூச்சு விடுகிறது. மேலே கிளைகள் கூடிக் கூரை போட்டுவிட்டன. பேச்சே வரவில்லை இருவருக்கும்.

அப்போது அவர் சொன்னதுதான் இந்த மூன்று நாளில் முக்கியமானது.

"இது எல்லாமே அப்படியே இருந்த காடுன்னு நினைக்காதீங்க தம்பி. பாதி இடம் மொட்டையாக் கிடந்தது."

நடந்தது இதுதான். வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டினால் தானே வளரும் என்று கணக்கு. வளரவில்லை. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் அடித்தது. சேறு காய்ந்து இறுகி, நிலம் தட்டு மாதிரிக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்கவில்லை. ஆடு மாடு தின்றதால் காடு அழிந்தது, ஊர்க்காரர்கள் வெட்டியதால் அழிந்தது என்று பழி மட்டும் குப்பத்து மக்கள் மேல் விழுந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் வந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. செய்த வைத்தியம் ரொம்ப எளிமை. மொட்டை நிலத்தில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பை அலசிக்கொண்டு வெளியே போகும். கரைகளில் கண்டல் நட்டார்கள். ஊர்க்காரர்களையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"நானும் வெட்டுனேன். கூலிக்குத்தான். சேத்துல இடுப்பளவு நின்னு வெட்டணும். காடு வரும்னு அப்ப நம்பல, சாயங்காலம் காசு வரும்னு நம்புனேன்."

பிறகு 2004 டிசம்பர் 26. காட்டுக்கு முன்னால், கடலோர மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அதைச் சொல்லும்போது துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டார். காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் தண்ணீர் ஏறியது, ஆனால் அடித்து நொறுக்கவில்லை. கிள்ளைக்காரன் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். "காடு இல்லன்னா நீயே இல்லடா" என்று அவன் ஆயா சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். அது வரை அவன் அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

இதிலும் விவாதம் உண்டு. பறங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ல் இந்தக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று எழுதினார்கள். அடுத்த வருடமே வேறு சிலர், காப்பாற்றியது காடு அல்ல, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் என்று மறுத்தார்கள். இரண்டையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அலை வந்த அன்று வீட்டில் இருந்தவரிடம் இந்தக் கணக்கைப் பேச இருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் தில்லை மரம். கரையை ஒட்டிய மேட்டில் படகை நிறுத்திக் காட்டினார். பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இல்லை. சுரபுன்னை மாதிரி ஊன்று வேர் இல்லை, கண்டல் மாதிரி மூச்சு வேரும் இல்லை. சாதாரணமாக நிற்கிறது. உதிரப் போகிற சில இலைகள் மட்டும் சிவப்பு. கடலூர்க்காரன் ஒரு இலையைக் கிள்ளக் கை நீட்டினான்.

"தொடாதீங்க தம்பி! பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்."

ஒரு ஊருக்கே பெயர் கொடுத்த மரம், ஊரை விட்டு வெளியே வந்து, உப்புத் தண்ணீர் ஓரமாக, யாரும் தொட முடியாமல் நிற்கிறது. சிதம்பரத்துக்கும் இதற்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர் கூட இருக்காது.

திரும்பும் வழியில் கடலூர்க்காரன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எங்க கோட்டைய இடிச்சாங்க, அதோட முடிஞ்சுது. உங்க காட்டையும் இடிச்சாங்க. ஆனா தண்ணிக்கு வழி விட்டதும் வந்துடுச்சு பாரு." கிள்ளைக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மா வரலடா. எங்கப்பா இடுப்பளவு சேத்துல நின்னாரு" என்றான்.

நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசியில் போங்கள், வெயில் அடங்கியிருக்கும். தண்ணீர் பாட்டிலைக் காட்டில் வீசாதீர்கள். தேவனாம்பட்டினம் கோட்டைப் பக்கம் செருப்பு இல்லாமல் போகாதீர்கள், முள் குத்தும். பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவரிடம் சினிமா ஷூட்டிங் கதை மட்டும் கேட்காமல், வாய்க்கால் வெட்டிய கதையையும் கேளுங்கள். தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் மட்டும் பாருங்கள்.