முதல் வருட மாடல்

எங்கள் செட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய பைக், இரண்டு லைசென்ஸ், கார்களைப் பற்றி அளவுக்கு மீறிய அபிப்பிராயங்கள். பண்டாரவளை டவுனில் ஒரு கார் திரும்பினால் அது எந்த மாடல், எந்த வருஷம், முன் பம்பர் ஒரிஜினலா மாற்றியதா என்று சொல்லிவிடுவோம். எங்கள் லயத்தில் அப்போது ஒருவரிடமும் கார் கிடையாது.

இந்தப் பைத்தியம் தியத்தலாவையில் பிடித்தது. ஏப்ரல் சீசனில் அங்கே இராணுவக் கல்லூரி நடத்தும் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்துக்குச் சின்ன வயசிலேயே போக ஆரம்பித்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது தலைமுடியெல்லாம் செம்மண். 2024 ஏப்ரல் 21 அன்று அதே பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். நாங்கள் வழக்கமாக நிற்பதும் அந்த மாதிரி ஓரத்தில்தான். அதற்குப் பிறகு காரைப் பற்றி வெறும் ஆசையாக மட்டும் பேச வரவில்லை. அந்தப் பேச்சில் எப்போதும் வந்துபோகும் ஒரு காரைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம்: ஹோண்டா சீஆர்-ஸெட்.

எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் கட்டாரில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு 2018இல் ஊருக்கு வந்தார். வந்த மூன்றாவது மாதம் ஒரு வெள்ளை சீஆர்-ஸெட்டை வாங்கினார். கையில் இருந்த காசு பாதி, லீசிங் பாதி. 2010ஆம் ஆண்டு மாடல், அதாவது அந்தக் கார் முதன்முதலில் வந்த வருஷத்து மாடல். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பின்னால் நடந்த எல்லாமே அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சீஆர்-ஸெட்டுக்கு ஒரு பெரியப்பா உண்டு, சீஆர்-எக்ஸ். 1983இல் வந்தது. சிறியது, 800 கிலோ அளவில்தான் எடை, விலை கட்டுப்படியாகும், பெற்றோலும் அதிகம் குடிக்காது. பெரிய எஞ்சினை வைத்து வேகம் காட்டுவதற்குப் பதிலாக எடையைக் குறைத்தே வேகம் காட்டிய கார். 1987இல் இரண்டாவது தலைமுறை வந்தது. பின்பக்கம் வெட்டி எடுத்தது மாதிரி, செங்குத்தாக ஒரு கண்ணாடி. 1989இல் அதே உடலுக்குள் 160 குதிரைவலு தரும் 1.6 லீற்றர் விடெக் எஞ்சினைப் போட்டார்கள். 1992இல் வந்த டெல் சோல் கூரையைக் கழற்றக்கூடிய இரண்டு இருக்கைக் கார். வெயிலில் ஓட்டிப் போக நல்லது, ஆனால் பழைய துடிப்பு இல்லை என்று பலர் சொன்னார்கள். அதோடு அந்த வம்சம் நின்றது.

2010 பெப்ரவரியில் சீஆர்-ஸெட் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்ததுமே பெரியப்பாவின் முகம் தெரிந்தது. ஆனால் உள்ளே வேறு சரக்கு. 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், அதற்கும் கியர்பெட்டிக்கும் நடுவே தட்டு மாதிரி ஒரு மின்மோட்டார். கால் வைத்தால் மோட்டார் எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும். பிரேக் பிடித்தால் அதே மோட்டார் மின்சாரம் எடுத்துப் பற்றரியில் போடும். ஹைபிரிட் காரில் 6 கியர் மெனுவல் வந்ததும் இதில்தான் முதல் தடவை. தொடக்க விலை 22 இலட்சத்து 68 ஆயிரம் யென். அந்த ஆண்டு ஜப்பானின் சிறந்த கார் விருதும் இதற்குத்தான்.

ஜப்பானில் ஒரு பொடியன் வேலைக்குப் போய் நாலைந்து வருஷத்தில் வாங்கிவிடக்கூடிய கூபே இது. இலங்கைக்கு வந்த காரணம் வேறு. 2011ஐ ஒட்டிய வருஷங்களில் இங்கே ஹைபிரிட் வாகனத்துக்கு இறக்குமதி வரி சாதாரணப் பெற்றோல் காரை விடக் குறைவாக இருந்தது. நம்முடைய வரிக் கணக்கு எஞ்சினின் அளவையும் எரிபொருளையும்தான் பார்க்கும். கதவு இரண்டா நாலா, ஆள் உட்கார முடியுமா முடியாதா என்றெல்லாம் கேட்காது. அதனால் ப்ரியஸ், இன்சைட் வந்த அதே வாசலால் ஒரு ஸ்போர்ட்ஸ் கூபேயும் உள்ளே நுழைந்துவிட்டது. கொழும்பில் அதை முதலில் ஓட்டியவர்கள் வேறு ஆட்கள். கைமாறிக் கைமாறி, வயசாகி, விலை இறங்கிய பிறகுதான் அது பெரகலை ஏற்றம் ஏறி எங்கள் பக்கம் வந்தது.

ஏற்றம் என்று சொன்னோம். அங்கேதான் முதல் பிரச்சினை தெரிந்தது. 2010 மாடலில் இருப்பது நிக்கல் வகைப் பற்றரி, சுமார் 100 வோல்ட். மோட்டார் 10 கிலோவாட்தான். சமதரையில், சிக்னலில் நின்று நின்று போகும் ஊரில் இது அழகாக வேலை செய்யும். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, அங்கிருந்து அப்புத்தளை என்று ஏறிக்கொண்டே இருந்தால் கதை வேறு. மோட்டார் உதவிக்கொண்டே வரும், பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாக அணையும், பிறகு உதவி நின்றுவிடும். மிச்சம் இருப்பது 1,130 கிலோவை இழுக்கும் ஒரு 1.5 எஞ்சின். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். அப்புத்தளையிலிருந்து பலாங்கொடைப் பக்கம் இறங்கினால் பாதி வழியிலேயே பற்றரி நிறைந்துவிடும், அதற்கு மேல் வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. "போகும்போது பணக்காரன், வரும்போது கடன்காரன்" என்று அண்ணன் சொல்வார்.

இரண்டாவது பிரச்சினை பின் சீட். வாகனப் புத்தகத்தில் நாலு பேர் என்று இருக்கும். கார் வந்த அன்று அண்ணனின் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்று எல்லாரும் இறங்கினோம். கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் தேய்ந்த மனுஷி. முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறச் சொன்னதும் குனிந்து பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இதுல ஆட்டுக்குட்டியதான் ஒக்கார வைக்கலாம்."

கடைசியில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நாங்கள் பஸ்ஸில் போனோம். அமெரிக்காவில் விற்ற சீஆர்-ஸெட்டில் ஹோண்டா அந்தப் பின் சீட்டையே வைக்கவில்லை, சாமான் வைக்கும் இடமாக விட்டுவிட்டது என்று பிறகு படித்தபோது, அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று சிரித்தோம்.

மூன்றாவது, எங்கள் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர், தோட்டத்து லொறி போட்ட இரண்டு பள்ளத்துக்கு நடுவே கல் மேடு. அந்தத் தாழ்வான கார் ஒரு தரம்தான் ஏற முயற்சி செய்தது. அடிப்பாகம் தட்டிய சத்தத்தில் அண்ணனின் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கார் கீழே கடையோரம் நிற்கும். அவர் நடந்து வீட்டுக்கு வருவார்.

இதையெல்லாம் ஹோண்டாவும் ஓரளவு தெரிந்துதான் வைத்திருந்தது. 2012 இறுதியில் வந்த திருத்திய மாடலில் நிக்கல் பற்றரி போய் லித்தியம்-அயன் வந்தது. வோல்ட் 144, மோட்டார் 15 கிலோவாட். எஞ்சினின் வலுவும் கொஞ்சம் கூடியது. ஸ்டியரிங்கில் ப்ளஸ் ஸ்போர்ட் என்று ஒரு பட்டன். பற்றரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது அழுத்தினால் சில விநாடிகளுக்கு மோட்டார் தன் முழுப் பலத்தையும் கொடுக்கும். 2015இல் இன்னொரு திருத்தம். சக்கரங்களுக்கிடையே அகலத்தைக் கூட்டினார்கள், பிரேக் டிஸ்க்கைப் பெரிதாக்கினார்கள், முகத்தையும் மாற்றினார்கள். கார் ஒரு வழியாகத் தான் ஆசைப்பட்ட காராக ஆன நேரத்தில், 2016இல், தயாரிப்பை நிறுத்தும் முடிவு வந்துவிட்டது. ஆறு வருஷ வாழ்க்கை.

இந்தத் திருத்தங்களை எல்லாம் நாங்கள் போனில் வீடியோவாகப் பார்த்தோம். எங்கள் கைக்கு வருவது எப்போதும் முதல் வருட மாடல். மலிவாக இருப்பது அதுதான், மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஒரு கம்பனி தன் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு போகிறது. திருத்துவதற்கு முந்தியது கப்பலேறி, மூன்று கை மாறி, லீசிங்கில் மலைநாட்டுக்கு வருகிறது. காரில் மட்டும் இப்படி நடக்கிறதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். போன், லப்டொப், தையல் மெஷின் என்று ஒரு நீளமான பட்டியல் போட்டோம்.

2021இல் டாஷ்போர்டில் ஐஎம்ஏ விளக்கு எரிந்தது. அதற்கு முன்பே அறிகுறி இருந்தது. நிறைந்திருந்த பற்றரிக் கோடுகள் திடீரென்று காலியாகும், பிறகு தானாக நிறையும். கராஜ் மாமா பார்த்துவிட்டு, "செல் செத்துருச்சு தம்பி. ஓடும். ஆனா இனி இது ஹைபிரிட் இல்ல" என்றார். பற்றரி மாற்றலாம் என்றால் 2020 மார்ச்சிலிருந்தே இறக்குமதிக் கட்டுப்பாடு. அடுத்த வருஷம் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 2022 மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பற்றரியின் விலை கேட்பதையே அண்ணன் விட்டுவிட்டார். லீசிங் மட்டும் மாதாமாதம் தவறாமல் போனது.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு நாள் முழுக்க மலையேறிப் பறித்தால் இரண்டு லீற்றரும் கொஞ்சமும். சீஆர்-ஸெட்டின் டாங்க் 40 லீற்றர், நிரப்ப 18,800 ரூபாய். அண்ணனின் அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட 19 நாள் வேலை. இந்தக் கணக்கை யாரும் அவர் முன்னால் சத்தமாகப் போடவில்லை.

பிறகு கியூஆர் முறை வந்தது. வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். கடையோரம் சும்மா நிற்கும் கூபேக்கு 20, லயத்துக்கே ஆஸ்பத்திரி வண்டியாக இருக்கும் ஓட்டோவுக்கு 5. அண்ணன் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. வரிசையில் நின்று, வாரா வாரம் முடிந்தவரை அடித்தார். டாங்க்கில் குழாய் விட்டு உறிஞ்ச முடியாத மாதிரித்தான் அந்தக் காரைச் செய்திருக்கிறார்கள். கராஜ் மாமா பெற்றோல் லைனைக் கழற்றிக் கேனில் எடுத்துக் கொடுத்தார். அது ஓட்டோவுக்குப் போனது. காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள்.

அந்த ஓகஸ்டில் ஒரு ராத்திரி எங்களில் ஒருவரின் அப்பாயிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஓட்டோ லயத்து வாசல் வரைக்கும் வந்தது. அப்பாயியைப் பின் சீட்டில் சாய்த்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கி, அந்தக் கல் ரோட்டில் இறங்கினோம். கடையைத் தாண்டும்போது ஹெட்லைட்டில் வெள்ளைக் கூபே ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அந்தக் காரால் மேலே வந்திருக்க முடியாது, அப்பாயி அதில் படுத்திருக்கவும் முடியாது. ஆனால் நாங்கள் போனது அதன் பெற்றோலில். அப்பாயி நாலு நாளில் வீட்டுக்கு வந்தார். இன்னும் எங்களைத் திட்டிக்கொண்டு இருக்கிறார்.

2023இல் அண்ணன் காரை விற்றார். இறக்குமதி இல்லாததால் பழைய கார்களின் விலை ஏறிக் கிடந்தது. பற்றரி செத்த காருக்கே வாங்கிய விலையை விடக் கூடுதலாகக் கிடைத்தது. லீசிங் மிச்சத்தை அடைத்து, அம்மாவின் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்து, வீட்டுக்குப் புதுக் கூரை போட்டார். நஷ்டமா லாபமா என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. அதே வருஷம் செப்டெம்பரில் ஹோண்டா ஜப்பானில் மறுபடியும் ஒரு ஹைபிரிட் கூபேயை விட்டது, ப்ரெலூட். விலை 61 இலட்சத்து 79 ஆயிரத்து 800 யென். அது சீஆர்-ஸெட்டை விடப் பெரிய கார், ஒப்பிடுவது முழு நியாயமில்லை. ஆனாலும் 22 இலட்சத்துக் கூபே என்ற இடம் அங்கேயும் காலியாகிவிட்டது என்பது தெரிகிறது. நம் ஊரில் அதன் மேல் வரி வேறு ஏறும்.

இப்போது எங்களை விடச் சின்னப் பொடியன்கள் வந்து சீஆர்-ஸெட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது, அந்தக் கார் அவ்வளவு அழகு. சொல்வது இவ்வளவுதான்: 2012 இறுதிக்குப் பிறகு வந்த லித்தியம் மாடலைத் தேடுங்கள். வாங்கும் முன் டவுனுக்குள் சுற்றிக்காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பெரகலை ஏற்றத்தில் ஓட்டிப் பற்றரிக் கோடுகளைப் பாருங்கள். கோடு ஒரேயடியாக விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பற்றரி மாற்றும் செலவைக் காரின் விலையோடு கூட்டிவிட்டு லீசிங்காரரிடம் பேசுங்கள். அம்மாவையும் கூட்டிப் போய்ப் பின் சீட்டைக் காட்டுங்கள்.

அண்ணன் இப்போது ஒரு பழைய ஓட்டோ வைத்திருக்கிறார். லயத்து வாசல் வரைக்கும் வரும். அம்மா ஏறும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான்: "இதுலயாவது மனுஷன் ஒக்காரலாம்." அண்ணன் சிரிப்பார். ஆனால் டவுனில் ஒரு சீஆர்-ஸெட் எதிரே வந்தால் கொஞ்சம் மெதுவாக்கி, அது திரும்பும் வரைக்கும் கண்ணாடியில் பார்ப்பார். அந்த நேரம் பின் சீட்டில் நாங்கள் இருந்தால் ஒருவரும் பேசமாட்டோம்.